கிளை பிரியும் ‘நான்’: பல்லுலகக் கோட்பாடும் ஆள் அடையாளமும்

ஒரு நேரத்தில் ஓர் ஒளித்துகளை மட்டும் வெளிவிடும் கருவி ஒன்று மேசைமேல் இருக்கிறது. அதற்கு எதிரே, 45 பாகைச் சாய்வில், பாதி ஒளியை ஊடுருவ விட்டு மீதிப் பாதியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் கண்ணாடி. நேர்ப்பாதையின் முடிவில் ஓர் உணர்கருவி, திரும்பிய பாதையின் முடிவில் இன்னொன்று. ஒளித்துகள் ஒன்று வெளியேறினால் இரண்டில் ஏதேனும் ஒரு கருவிதான் அதைப் பதிவு செய்கிறது. எந்தக் கருவி என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. பல்லாயிரம் முறை செய்து பார்த்தால் ஏறத்தாழப் பாதி நேராகவும் பாதி பக்கவாட்டிலும் பதிவாகும் என்று மட்டுமே சொல்ல முடியும். இன்று கல்லூரி ஆய்வகங்களிலேயே மாணவர்கள் செய்து பார்க்கும் அளவுக்கு எளிமையாகிவிட்ட இந்தச் சோதனைக்குள், ‘நான்’ என்ற சொல்லின் பொருளையே ஆட்டம் காணச் செய்யும் கேள்வி ஒன்று இருக்கிறது.

குவாண்டம் இயற்பியலுக்கு எர்வின் ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த சமன்பாட்டின்படி, கண்ணாடியைக் கடந்த ஒளித்துகள் ‘நேரே சென்ற நிலை’, ‘திரும்பிய நிலை’ ஆகிய இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்திய நிலையில் இருக்கிறது. இந்தச் சமன்பாடு நேரியல் தன்மை கொண்டது, அதாவது பொருந்திய நிலைகளில் ஒவ்வொன்றும் தனியே எப்படி மாறுமோ அப்படியே சேர்ந்திருக்கும்போதும் மாறும். ஆகவே ஒளித்துகளோடு தொடர்பு கொண்ட உணர்கருவியும் ‘இது பதிவு செய்தது’, ‘அது பதிவு செய்தது’ என்ற இரு நிலைகளின் பொருத்தமாக மாற வேண்டும். திரையைப் பார்க்கும் ஆய்வாளரும் ‘நேர் என்று பார்த்தவர்’, ‘பக்கம் என்று பார்த்தவர்’ என்ற இரு நிலைகளின் பொருத்தமாக மாற வேண்டும். ஆனால் எந்த ஆய்வாளரும் தம்மை அப்படி உணர்ந்ததாகச் சொன்னதில்லை. எனவே பாடநூல்கள் இரண்டாவது விதி ஒன்றைச் சேர்த்துக்கொண்டன: அளவிடும் கணத்தில் அலைச்சார்பு (பொருந்திய நிலைகள் எல்லாவற்றையும் சேர்த்து விவரிக்கும் கணித வடிவம்) சட்டென்று சரிந்து, ஒரு முடிவு மட்டும் எஞ்சுகிறது, எது எஞ்சும் என்பதற்கான நிகழ்தகவு, அந்த நிலையின் வீச்சுடைய (அலைச்சார்பில் அந்த நிலைக்கு உரிய எண்ணுடைய) வர்க்கத்துக்குச் சமம். இந்தக் கணக்கை 1926-இலேயே மாக்ஸ் போர்ன் தந்துவிட்டார். ‘அளவிடுதல்’ என்பது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்ட அணுக்களால் ஆன கருவி அந்த ஒரு கணத்தில் மட்டும் ஏன் சமன்பாட்டை மீற வேண்டும் என்ற கேள்விகளுக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் வீலரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்த ஹியூ எவரெட், இரண்டாவது விதியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சரிவு இல்லை, சமன்பாடு எங்கும் எப்போதும் செல்லும், ஆய்வாளரும் அதற்கு விலக்கல்ல. அப்படியானால் சோதனைக்குப் பின் இரண்டு முடிவுகளும் நிகழ்ந்திருக்கின்றன. ‘நேர்’ என்று பார்த்து ‘நேர்’ என்று குறிப்பேட்டில் எழுதியவரும், ‘பக்கம்’ என்று பார்த்து ‘பக்கம்’ என்று எழுதியவரும் ஒரே அலைச்சார்பின் இரு கிளைகளாக இருக்கிறார்கள். ஒருவர் மற்றவரை அறிய வழியில்லை. 1957-இல் சுருக்கமான வடிவில் அச்சேறிய இந்தக் கருத்து, இயற்பியலாளர் பிரைஸ் டிவிட் 1970-இல் எழுதிய கட்டுரை வழியாகப் பரவலான கவனத்தைப் பெற்று, ‘பல உலகங்கள்’ என்ற பெயரால் நிலைத்தது. எவரெட் அதற்குள் இயற்பியல் துறையை விட்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆயுத மதிப்பீட்டுப் பணிக்குச் சென்றிருந்தார். 1982-இல், 51-ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார்.

அடையாளம் பற்றிய கேள்வியைப் பின்னால் வந்த தத்துவவாதிகள் இந்தக் கோட்பாட்டின்மேல் ஏற்றிவைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். எவரெட் அதைத் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். ஆய்வேட்டுக்கு முன்னோடியாக எழுதி வீலரிடம் கொடுத்த குறிப்பொன்றில், நல்ல நினைவாற்றல் கொண்ட அறிவுள்ள அமீபா ஒன்றைக் கற்பனை செய்யச் சொல்கிறார். அமீபா பிளந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு பிளவிலும் தோன்றும் இரண்டுக்கும் தாய் அமீபாவின் நினைவுகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே அதன் வாழ்க்கையைக் கோடாக வரைய முடியாது, மரமாகத்தான் வரைய முடியும். பின்னொரு நாளில் இரண்டு அமீபாக்களை எடுத்துக்கொண்டு ‘இவை இரண்டும் ஒன்றா, வேறா’ என்று கேட்டால் அந்தக் கேள்வியே தெளிவற்றது என்கிறார். பள்ளியில் நுண்ணோக்கியின் கீழ், நடுவில் இடுப்பு ஒடுங்கிப் பிரியும் நிலையில் இருந்த அமீபாவைக் கண்ணாடித் தகட்டில் பார்த்தவர்களுக்கு இந்த உவமையின் வலிமை புரியும்; இரண்டு பக்கமும் ஒரே அளவு, ‘இது தாய், அது சேய்’ என்று விரல் வைத்துக் காட்ட இடமே இருக்காது. படிப்பவர்களைத் தவறான திசையில் இட்டுச் செல்லும் என்று வீலர் அஞ்சினார். அச்சேறிய கட்டுரையில் அமீபா இல்லை. அதை நீக்கியது இழப்பு என்றே நான் கருதுகிறேன். கோட்பாட்டைப் புரிந்துகொள்ள வேண்டிய சரியான வாசல் அதுவாகவே இருந்தது.

1957-இல் டிவிட் எழுப்பிய மறுப்பும் இதே இடத்தைத்தான் தொட்டது. நான் கிளை பிரிவதாக எனக்குத் தெரியவில்லையே என்பது அவர் கேள்வி. பூமி சுழல்வதை நீங்கள் உணர்கிறீர்களா என்று எவரெட் பதிலுக்குக் கேட்டார். கோபர்னிக்கசின் கொள்கை வந்தபோதும் இதே மறுப்பு எழுந்தது. பூமி ஓடினால் நமக்குத் தெரியாதா என்றார்கள். ஓடினாலும் தெரியாது என்பதை நியூட்டனின் இயற்பியலே பின்னர் காட்டியது. அதுபோலவே, கிளை பிரிந்தாலும் கிளையில் இருப்பவருக்குத் தெரியாது என்பதை ஷ்ரோடிங்கர் சமன்பாடே காட்டுகிறது. ஒவ்வொரு கிளையிலும் இருப்பவரின் நினைவு தடங்கலின்றித் தொடர்கிறது. பிளந்ததற்கான வடு எதுவும் அதில் இருக்காது.

கிளை என்பதைப் பற்றிப் பரவியுள்ள இரண்டு தவறான எண்ணங்களை இங்கே விலக்கிவிட வேண்டும். காப்பியா தேநீரா என்று நாம் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் உலகம் இரண்டாகிறது என்று கதைகளில் வருவது முதலாவது. கிளை பிரிவதற்கும் மனித விருப்பத்துக்கும் தனித்த உறவு ஏதுமில்லை. அணுவளவில் இருக்கும் பொருத்த நிலை ஒன்று பெரும்பொருளின் அளவுக்குப் பெருகும் இடமெல்லாம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கிளை பிரிகிறது. நன்கு யோசித்து எடுத்த முடிவென்றால், எடை, அதாவது வீச்சின் வர்க்கம், மிகுந்த கிளைகளில் எல்லாம் பெரும்பாலும் அதே முடிவையே எடுத்திருப்போம். இரண்டாவது, கிளைகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிடலாம் என்பது. இயற்பியலாளர்களான ஹைன்ஸ் டீட்டர் ட்செ 1970-இலும் வொய்சிக் சுரெக் 1980-களின் தொடக்கத்திலும் விளக்கிய ‘ஒத்திசைவுச் சிதைவு’ என்ற நிகழ்வே கிளைகளைப் பிரிக்கிறது: காற்றின் மூலக்கூறுகளும் ஒளியும் பொருளின்மேல் மோதி, அதன் நிலை பற்றிய தடயத்தைச் சுற்றுப்புறம் எங்கும் பரப்பிவிடுவதால், இரு நிலைகளும் இனி ஒன்றோடொன்று குறுக்கிட முடியாமல் போகின்றன. ஒரு கிராம் எடையுள்ள பொருள் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியுள்ள இரு இடங்களில் பொருந்தி நின்றால், அறை வெப்பநிலையில் அது நொடியின் மிக நுண்ணிய பகுதிக்குள் சிதைந்துவிடும் என்பது சுரெக்கின் கணக்கு. இந்தப் பிரிவு விரைவானது, ஆனால் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மையானதல்ல. எனவே ‘எத்தனை கிளை’ என்பதற்குத் துல்லியமான எண் கிடையாது. கிளைகளின் எடையோ நன்கு வரையறுக்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

இனி ஆய்வாளரிடம் வருவோம். சோதனைக்குப் பின் இருக்கும் இருவரில் யாரைக் கேட்டாலும், ‘இன்று காலை கருவியைப் பொருத்தியது நான்தான்’ என்பார். இருவர் சொல்வதும் நியாயம். பின்னோக்கிப் பார்க்கும்போது ஒரு சிக்கலும் இல்லை. முன்னோக்கிப் பார்க்கும்போதுதான் தடுக்குகிறது. ‘இருவரில் யார் நானாக இருப்பேன்?’ என்று காலையில் இருந்தவர் கேட்டால் என்ன விடை சொல்வது? ‘நேர்’ பார்த்தவர் காலையில் இருந்தவரே. ‘பக்கம்’ பார்த்தவரும் காலையில் இருந்தவரே. ஒன்றுக்குச் சமமானவை தமக்குள்ளும் சமம் என்றால், ‘நேர்’ பார்த்தவரும் ‘பக்கம்’ பார்த்தவரும் ஒருவரே ஆக வேண்டும். ஆனால் அவர்கள் இருவர். நாளை ஒருவருக்குக் காய்ச்சல் வரலாம், மற்றவருக்கு வராமல் போகலாம். நினைவின் தொடர்ச்சியே ஒருவரை அவராக்குகிறது என்று 1694-இல் ஜான் லாக் எழுதியதிலிருந்து ஆள் அடையாளத்தைப் பற்றிய விவாதம் நடந்துவருகிறது. நினைவு ஒரே இழையாக ஓடும் என்பதை அந்த விவாதம் கேட்காமலேயே எடுத்துக்கொண்டிருந்தது.

இழை இரண்டாகப் பிரிந்தால் என்ன என்பதைத் தத்துவவாதி டெரிக் பார்ஃபிட் 1971-இலும், இன்னும் விரிவாக 1984-இலும் கேட்டார். மூளையின் இரு அரைக்கோளங்களையும் பிரித்து, ஒவ்வொன்றையும் வெவ்வேறு உடலில் பொருத்துவதாகக் கற்பனை செய்யச் சொன்னார். ஒரு பாதி மட்டும் பிழைத்திருந்தால் அந்த ஆள் பிழைத்தார் என்று தயங்காமல் சொல்வோம். இரண்டும் பிழைத்தால் மட்டும் அவர் இறந்துவிட்டார் என்று எப்படிச் சொல்வது? இரட்டை வெற்றி எப்படித் தோல்வியாகும்? பார்ஃபிட் கண்ட முடிவு, ‘நான்தானா அவன்’ என்பதற்கு ஆழ்ந்த உண்மை எதுவும் மறைந்திருக்கவில்லை, நமக்கு உண்மையில் முக்கியமானது மனத்தொடர்ச்சியே, அது ஒருவரிடம் மட்டும் தொடர வேண்டும் என்ற கட்டாயமில்லை என்பது. இதை எதிர்த்தவர்கள் சொன்ன வலுவான வாதம் ஒன்று உண்டு: நம் சொற்கள் அன்றாட வாழ்க்கைக்காக உருவானவை, மூளையை இரண்டாக்கும் நடவாத கதைகளில் அவை தடுமாறினால் அதிலிருந்து எதையும் கற்க முடியாது.

பல்லுலகக் கோட்பாடு உண்மையானால் இந்த வாதம் நிற்காது. அப்போது பிளவு என்பது கற்பனைக் கதையாக இருக்காது. ஒவ்வொரு நொடியும் எண்ண முடியாத முறை நடந்துகொண்டிருக்கும் சாதாரண நிலைமையாக இருக்கும். ‘நாளை நான் வருகிறேன்’ என்று முதன்முதலில் சொன்ன மனிதரும் கிளை பிரிந்துகொண்டிருந்தவர்தான். மொழி பிறந்ததும் வளர்ந்ததும் கிளைகளுக்கு நடுவில்தான். அப்படியானால் ‘நான்’, ‘நாளை’, ‘ஒருவேளை’ ஆகிய சொற்களின் பொருள் அந்த நிலைமைக்கு ஏற்பவே அமைந்திருக்க வேண்டும். அவற்றைப் பொய் என்று தள்ளுவதைவிட, அவை எதைக் குறித்துவந்தன என்று கண்டறிவதே முறை. ஆக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய காலத்தில் தத்துவவாதிகள் சைமன் சாண்டர்சும் டேவிட் வாலஸும் இந்த வழியில் வாதிட்டார்கள். இவ்விவாதத்தில் எனக்கு மிகவும் நேர்மையாகப் படும் அணுகுமுறை இதுதான்.

அவர்கள் துணைக்கு அழைப்பது தத்துவவாதி டேவிட் லூயிசின் பழைய கருத்தொன்றை. காலத்தில் நீண்டு கிடக்கும் முழுநீளப் பொருளே ஆள் என்றால், பிளவுக்குப் பின் இருவர் என்பதைப்போலவே பிளவுக்கு முன்பும் இருவர்தான். தொடக்கப் பகுதியை இருவரும் பகிர்ந்துகொள்கிறார்கள். சென்னையிலிருந்து விழுப்புரம் வரை செல்லும் தண்டவாளம் மெயின் லைனுக்கும் உரியது, கார்டு லைனுக்கும் உரியது; விழுப்புரத்தைத் தாண்டிய பிறகுதான் இரண்டு என்று தெரிகிறது. (உவமை அதற்குமேல் செல்லாது, அந்தப் பாதைகள் திருச்சியில் மீண்டும் சேர்ந்துவிடுகின்றன, கிளைகள் சேர்வதில்லை.) இதன்படி காலையில் ‘நான்’ என்று சொன்ன ஒரே வாயில் இருவர் பேசினார்கள். ‘யார் நானாக இருப்பேன்’ என்ற கேள்விக்கு அப்போது பொருள் வந்துவிடுகிறது. இருவருக்கும் தாம் எந்தப் பாதை என்பது தெரியாது, அவ்வளவுதான்.

தமிழில் சிந்திப்பவர்களுக்கு இங்கே இன்னொரு கேள்வி எழும். கேட்பவரையும் சேர்த்துச் சொல்ல ‘நாம்’ என்றும், கேட்பவரை விலக்கிச் சொல்ல ‘நாங்கள்’ என்றும் நமக்கு இரண்டு சொற்கள் உள்ளன. லூயிஸ் சொல்வது சரியானால், காலையில் இருந்தவர் தமக்குள் பேசிக்கொண்டபோது ‘நாம்’ என்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்பவரும் கேட்பவரும் இருவருமே. பிளவுக்குப் பின் அந்த ‘நாம்’ என்றைக்கும் சொல்ல முடியாத சொல்லாகிவிடுகிறது, ஏனெனில் மற்றவரின் காதுக்கு எதுவும் எட்டாது. மற்றவரைச் சேர்த்து ‘நாங்கள் இருவரும் காலையில் ஒருவராக இருந்தோம்’ என்று தம் கிளையில் இருக்கும் நண்பரிடம் சொல்லலாம், அவ்வளவே முடியும். பார்ஃபிட்டின் கதைக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. அங்கே பிளந்த இருவரும் ஒரே உலகில் கண் விழிக்கிறார்கள்; வீடு யாருக்கு, மனைவி மக்கள் யாருக்கு என்ற வழக்கு எழும். இங்கே வீடும் மனைவி மக்களும் சேர்ந்தே பிரிந்துவிடுவதால் வழக்கே எழாது. அன்றாட வாழ்க்கையில் ‘நான் ஒருவனே’ என்ற எண்ணம் எங்கும் முட்டாமல் ஓடிவருவதற்குக் காரணமும் இதுவாகவே இருக்கும்.

இந்த விவாதம் தத்துவவாதிகளின் பொழுதுபோக்காக முடிந்துவிட முடியாததற்கு ஒரு காரணம் இருக்கிறது. குவாண்டம் இயற்பியலை நாம் நம்புவது அது தரும் நிகழ்தகவுகள் சோதனையில் பலிப்பதால்தான். கண்ணாடியை மாற்றி, 90 விழுக்காடு ஒளியை நேரே விடும் கண்ணாடியை வைத்தால், நூற்றுக்குத் தொண்ணூறு முறை நேர்க்கருவி பதிவு செய்யும். பல்லுலகக் கோட்பாட்டிலோ ஒவ்வொரு முறையும் இரண்டும் நிகழ்கின்றன. எல்லாமே நிகழும் என்றால் 90 விழுக்காடு வாய்ப்பு எதற்கு? எதைப் பற்றிய ஐயத்தை அந்த எண் அளக்கிறது? இதற்கு விடை இல்லையென்றால், எந்தச் சான்றுகளால் இந்த இயற்பியலை ஏற்றோமோ அந்தச் சான்றுகளே பொருளற்றுப் போகும். ‘யார் நான்’ என்ற கேள்வியின்மேல் கோட்பாட்டின் முழுப் பாரமும் இவ்வாறு வந்து நிற்கிறது.

இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியலாளர் லெவ் வைட்மன் 1998-இல் தந்த விடை எளிமையும் அழகும் கொண்டது. ஆய்வாளர் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுகிறார். முடிவு ‘நேர்’ என்றால் ஓர் அறைக்கும், ‘பக்கம்’ என்றால் அதேபோன்ற இன்னோர் அறைக்கும் அவரைத் தூக்கிச் செல்கிறார்கள். விழிப்பு வந்து, கண்ணைத் திறப்பதற்கு முன், எந்த அறையில் இருக்கிறேன் என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்கிறார். இரண்டு கிளைகளிலும் கேள்வி ஒன்றே. இரண்டிலும் அவருக்கு விடை உண்மையாகவே தெரியாது. உலகின் அலைச்சார்பு முழுவதையும் அறிந்திருந்தாலும் தெரியாது. மாத்திரை இல்லாவிட்டாலும், கருவி பதிவு செய்ததற்கும் திரையில் கண் பதிவதற்கும் இடையே இதே அறியாமை சற்று நேரம் இருக்கவே செய்கிறது. நிகழ்தகவு அந்த அறியாமையில் உயிர்பெறுகிறது என்பது வைட்மனின் வாதம்.

தத்துவவாதி ஹிலரி கிரீவ்ஸ் 2004-இல் வேறு வழி சொன்னார். சோதனைக்கு முன் ஐயம் என்று ஒன்று இல்லவே இல்லை, இரண்டும் நடக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் வரப்போகும் இரண்டு ‘நான்’களுக்கும் எவ்வளவு அக்கறை காட்டுவது என்ற கேள்வி இருக்கிறது, கிளையின் எடை அந்த அக்கறையின் அளவு என்றார். சொத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடும் தந்தைக்கு எந்தப் பிள்ளையாகத் தாம் ஆவோம் என்ற ஐயம் கிடையாது. யாருக்கு எவ்வளவு என்பதே கேள்வி. அக்கறையை எடைப்படி பங்கிட வேண்டிய கட்டாயம் என்ன, கிளைக்கு ஒன்றென்று சமமாகப் பங்கிட்டால் என்ன என்று கேட்கலாம். கிளைகளை எண்ண முடியாது என்று முன்னர் பார்த்தது இங்கே பயன்படுகிறது. எண்ணிக்கை என்று ஒன்று இல்லாதபோது எண்ணிக்கைப்படி பங்கிட முடியாது. காற்றின் மூலக்கூறு ஒன்று சிதறினாலும் மாறிவிடும் கணக்கை நம்பி யாரும் முடிவெடுக்க இயலாது. இயற்பியலாளர் டேவிட் டாய்ச் 1999-இல் தொடங்கி, வாலஸ் விரித்தெழுதிய நிறுவல், முரணின்றி முடிவெடுக்க விரும்புபவர் எடைப்படியே முடிவெடுக்க வேண்டியிருக்கும் என்று காட்ட முயல்கிறது. அந்த நிறுவலின் அடிப்படை எடுகோள்களிலேயே முடிவு ஒளிந்திருக்கிறது என்ற விமர்சனமும் வலுவானது. வழக்கு இன்னும் தீரவில்லை.

இவற்றை ஏட்டளவில் படித்துக்கொண்டிருந்த எனக்கு இது உயிரோடு ஒட்டிய விஷயமானது ஒரு மழை விட்ட மாலையில். நெடுஞ்சாலையில் இருசக்கர வண்டியில் வந்துகொண்டிருந்தபோது எதிர்த்திசையில் முந்திவந்த லாரி ஒன்று என் கைப்பிடியை உரசாமல், ஒரு சாண் இடைவெளியில் கடந்தது. ஓரத்தில் வண்டியை நிறுத்தியபோது தலைக்கவசத்தின் வாரைக் கழற்ற விரல் வரவில்லை. அப்போது மனத்தில் முதலில் வந்தது, இன்னொரு கிளையில் நான் இந்நேரம் சாலையில் கிடக்கிறேன் என்ற எண்ணம். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்தக் கிளையில் வீட்டுக்கு அழைப்பு போகிறது. என் அம்மா தொலைபேசியை எடுக்கிறார். அவரும் என் அம்மாவேதான், இந்தக் கிளையின் அம்மாவுக்கு உள்ள அதே நினைவுகளோடு.

பல்லுலகக் கோட்பாட்டை வைத்து, ‘உயிரோடு இருக்கும் கிளையில்தான் நான் எப்போதும் கண் விழிப்பேன், ஆகவே எனக்குச் சாவே இல்லை’ என்று சிலர் சொல்வதுண்டு. இது பிழை மட்டுமல்ல, ஆபத்தான பிழையும்கூட. அந்த வாதம், உயிரோடு இருக்கும் கிளைகளுக்குள் மட்டும் அக்கறை முழுவதையும் மறுபங்கீடு செய்துகொள்கிறது. அப்படிச் செய்ய இயற்பியல் எந்த உரிமையும் தரவில்லை. எடை குறைகிறது என்பதே அக்கறை கொள்ள வேண்டிய இழப்பு; நூற்றில் தொண்ணூறு எடையுள்ள கிளைகளில் ஒருவர் இறப்பது, ஒரே உலகில் தொண்ணூறு விழுக்காடு வாய்ப்போடு இறப்பதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. லூயிஸ் தம் வாழ்வின் கடைசி ஆண்டான 2001-இல் கான்பெராவில் ஆற்றிய உரையில் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்: அந்த வாதத்தை ஏற்றால் கிடைப்பது நலமான நீண்ட வாழ்வாக இருக்காது, அடிபட்டும் நோயுற்றும் உயிர் மட்டும் பிரியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் நிலையாகவே இருக்கும், அது அஞ்ச வேண்டியது என்றார். பார்ஃபிட் சொன்னதுபோல் முக்கியமானது தொடர்ச்சிதான் என்றால், அந்தத் தொடர்ச்சி எத்தனை எடையில், எந்த நிலையில், யாரை விட்டுவிட்டு நடக்கிறது என்பதும் கணக்கில் வந்தே தீர வேண்டும்.

அன்று அந்தச் சாலையோரத்தில், மறுபடி வண்டியைக் கிளப்புவதற்கு முன் வாரை ஒரு துளை இறுக்கிப் போட்டேன். லாரி கடந்துபோன பிறகு இருந்த எல்லாக் கிளைகளிலும், வாரைத் தொட விரல் இருந்த எல்லோரும் பெரும்பாலும் அதையே செய்திருப்பார்கள்.